தஸ்பீஹ் எண்ணும் கை புரளாது

டோஹா
06.03.2009

அன்புள்ள ஸகியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே குளிர் போய் வெயில் தலைகாட்டிவிட்டது. லொறி ஓட்டுகிறவனுக்கு இடுப்பு வலி எழுதிவைத்த ஒன்று, அது இருக்கிறது. மற்றபடி அல்லாஹ்வின் காவலில் சுகம். உன் சுகத்துக்கும், உன் உம்மாவின் சீனி வருத்தம் குறையவும் துஆச் செய்கிறேன்.

நேற்றுத்தானே போனில் கதைத்தோம், பிறகு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த அறையில் ஆறு பேர். நான் போனை எடுத்தால் மற்ற ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அந்தப் பக்கமும் உன்னைச் சுற்றி ஆள்தான். இது போனில் கேட்கிற கேள்வி இல்லை.

தங்கச்சி சுல்பிகா, தைக்கத் தந்த சட்டையை எடுக்க வீட்டுக்கு வந்தாளாம். மெஷின் லாச்சியில் நூல் தேடியபோது ஓர் அழைப்பிதழைக் கண்டாளாம். நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய கார்ட். பக்கத்துக் காரைதீவில் யதுசா என்ற தமிழ்ப் பிள்ளையின் கர்நாடக இசைக் கச்சேரியாம். உறையில் உன் பெயர், மையால் எழுதியது. "இது என்ன மதினி?" என்று கேட்டதற்கு நீ லாச்சியைச் சாத்திவிட்டு, சட்டைக்குப் பட்டன் காணாது என்றாயாம்.

இன்னொன்றும் சொன்னாள். நீ சும்மா இருக்கிற நேரங்களில் தொடையில் தட்டித் தட்டி விரல் எண்ணுகிறாயாம்.

நமக்கும் கச்சேரிக்கும் என்ன சம்பந்தம்? கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

உன் ராத்தாவின் வளவுக்கு வேலி போட்டார்களா? நம் மகள் நதீராவைக் கடல் கொண்டுபோன இடம் அது. அங்கே மாடு புகுந்து படுக்கிறது என்று கேள்விப்பட்டேன், மனம் பொறுக்கவில்லை.

உன் நினைவோடு,
அபூசாலி

*

சாய்ந்தமருது
24.03.2009

அன்பு மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நானும் உம்மாவும் சுகம். உங்கள் இடுப்புக்கு எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்துவிடுவேன். வெந்நீரில் குளியுங்கள்.

கார்ட் விஷயம் இவ்வளவுதான். காரைதீவில் கனகேஸ்வரி ரீச்சர் என்று ஒருவர் இருக்கிறா. ஆறேழு வருஷமாக அவவின் சாறி பிளவுஸ் எல்லாம் நான்தான் தைக்கிறேன். யதுசா அவவிடம் பாட்டுப் படிக்கிற பிள்ளை. தையல்காரிக்கும் மரியாதைக்கு ஒரு கார்ட் தந்தா. அதை றோட்டிலா எறிவது? லாச்சியில் போட்டேன்.

விரல் எண்ணுவது தஸ்பீஹ், அல்லாஹ்வின் பெயரை ஓதி எண்ணுகிறேன். சுல்பிகாவுக்கு அந்தப் பழக்கம் இருந்திருந்தால் பார்த்ததும் விளங்கியிருக்கும்.

வேலி போட்டாகிவிட்டது. மாடு வருவதில்லை.

உங்கள் சுகத்துக்கு என்றும் துஆவோடு,
ஸகியா

*

டோஹா
11.04.2009

அன்புள்ள ஸகியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எண்ணெய் வந்து சேர்ந்தது. இடுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீ சாப்பாட்டைப் பிந்தாமல் சாப்பிடு, உம்மாவுக்கு மருந்து தவறக் கூடாது.

தஸ்பீஹ் என்று எழுதியிருந்தாய். மாஷா அல்லாஹ், சந்தோஷம். ஆனாலும் சுல்பிகாவிடம் போனில் கேட்டேன், எண்ணும்போது கை எப்படி இருந்தது என்று. "ஒருக்காத் தட்டுறாக காக்கா. பொறகு சின்ன விரல், அடுத்த விரல், நடு விரல். பொறகு தட்டிப்போட்டு உள்ளங்கையப் பொரட்டிப் போடுறாக" என்றாள்.

ஸகியா, நானும் அஞ்சு நேரமும் எண்ணுகிறவன். பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் நடக்கும். கை இருந்த இடத்தில் இருக்கும். தஸ்பீஹ் எண்ணும் கை புரளாது. உன் கை மட்டும் ஏன் புரள்கிறது?

வியாழக்கிழமைதோறும் நீ காரைதீவுக்குப் போகிறாயாம். சுல்பிகாவின் மாப்பிள்ளை மசூர் நாலு தரம் கண்டிருக்கிறான். ஸ்பீக்கரும் கதிரையும் வாடகைக்குக் கொடுக்கிறவன், அவன் போகாத ஊர் இல்லை. ஒரு ரீச்சர் கிழமைக்கு ஒரு பிளவுஸா தைக்கிறா?

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். வீடு உன் சீதனம். கல்யாணத்தன்று கையில் ஒரு பெட்டியோடு உன் வாசலுக்கு வந்தவன் நான். ஏதும் கோணலானால் அதே பெட்டியோடு இறங்கிப் போகவேண்டியவனும் நான்தான். அதை யோசித்துப் பதில் எழுது.

அபூசாலி

*

சாய்ந்தமருது
27.05.2009

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். பதில் பிந்திவிட்டது. உம்மாவுக்குக் காலில் புண், ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தேன். இப்போது பரவாயில்லை. நீங்கள் எப்படி? போனில் உங்கள் குரல் அடைத்திருந்தது.

சண்டை முடிந்துவிட்டது என்று ரீவியில் பார்த்திருப்பீர்கள். சந்தியில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். அடுத்த நாள் பிளவுஸ் கொடுக்கக் காரைதீவுக்குப் போனேன். ஓம், பிளவுஸ்தான். செக் பொயின்டில் நின்றவன் என் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே விட்டான். உள்ளே போனால் ஒரு வீட்டிலும் சத்தம் இல்லை. சண்டை நடந்த வன்னியில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் கனபேர். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் அடுத்த பிளவுஸுக்கு அளவு கொடுக்க எழும்பி நின்றா, நான் நாடாவை வைக்கும் முன்னே அழுதா.

அந்தக் கச்சேரி ஏப்ரலில் நடக்கவில்லை. இந்த நிலைமையில் யாருக்குப் பாட்டு வேண்டும்? இனி நடக்காது. நடந்தாலும் நான் போகமாட்டேன்.

கை புரள்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நாள் முழுக்க மெஷின் சக்கரம் சுற்றுகிற கை, மணிக்கட்டு வலித்தால் திருப்பித் திருப்பிப் போடுவேன். சுல்பிகா என் வீட்டுக்குச் சட்டை எடுக்க வருகிறாளா, என்னைப் படமெடுக்க வருகிறாளா?

ஸகியா

*

டோஹா
14.06.2009

ஸகியாவுக்கு,

ஸலாம். சுகம். உம்மாவின் காலைக் கவனி, சீனிக்காரருக்குப் புண் லேசில் ஆறாது.

முதலில் தஸ்பீஹ் என்றாய். இப்போது மணிக்கட்டு வலி என்கிறாய். ஒரு கைக்கு இரண்டு காரணம். மூன்றாவதையும் எழுதிவிடு, எனக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்கிறேன்.

நீ மறைக்கத் தெரிந்தவள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது என்று நினைக்காதே. வெகு நாளாகத் தெரியும். நீயாகச் சொல்வாய், நீயாகச் சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அபூசாலி

*

சாய்ந்தமருது
02.07.2009

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். உம்மாவின் புண் காய்ந்துவிட்டது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

என்ன தெரியும்? யார் சொன்னது?

அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அதை நினைத்துக்கொண்டு துணி வெட்டி ஒரு கல்யாணப் பெண்ணின் சட்டைத் துணியைக் கோணலாக்கிவிட்டேன். அவள் உம்மா வந்து ஏசிவிட்டுப் போனா. வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் ஏதோ ஒரு பதில் எழுதினேன். நீங்களோ தெரிந்ததை மடிக்குள் வைத்துக்கொண்டு என்னைச் சோதிக்கிறீர்கள். ஒருவரையொருவர் இப்படி உளவு பார்க்கத்தானா பதினேழு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறோம்? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நானும் சொல்கிறேன்.

ஸகியா

*

சாய்ந்தமருது
18.08.2009

அன்புக் காக்காவுக்கு,

உங்கள் தங்கச்சி சுல்பிகாவின் ஸலாம். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். வரப்போகும் நோன்பை அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கி வைப்பானாக.

மதினிக்கு நீங்கள் எழுதிய கடைசிக் கடிதம் எப்போது? ஜூலையில் அனுப்பினதற்குப் பதில் இல்லை என்று தன் உம்மாவிடம் சொல்லி அழுதாவாம். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இதைச் சொல்லாமல் இருந்தால் நான் உங்கள் தங்கச்சி இல்லை.

போன சனிக்கிழமை பின்னேரம் காரைதீவு மண்டபத்தில் அந்த யதுசாப் பிள்ளையின் கச்சேரி நடந்தது. ஸ்பீக்கர் எங்கள் வீட்டுக்காரருடையது. மைக்கைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். முன் வரிசையில், பட்டுச் சாறிகளுக்கு நடுவில், கறுப்பு அபாயாவோடு நம் மதினி!

வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "அவக மேடையவே பாத்துக்கிட்டு இரிந்தாக. என்னயக் காணல்ல. மிருதங்கம் தனிய வாசிக்கக்குள்ள தொடையில தட்டித் தட்டி விரல் எண்ணினாக, கையப் பொரட்டினாக. கண்ணால தண்ணி ஓடுது. பக்கத்துல ஒரு ஆம்புள, வெள்ளச் சட்ட, வேட்டி. முடிஞ்ச பொறகு அந்தாள் ஒரு உறையக் குடுத்தான். இவக ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட வெச்சிக்கிட்டாக."

காக்கா, நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கண்டதை எழுதினேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுல்பிகா

*

டோஹா
31.08.2009

ஸகியாவுக்கு,

ஸலாம். நோன்பு பிடித்துக்கொண்டு கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். கோபம் போகவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

போகமாட்டேன் என்று மே மாசம் உன் கையால் எழுதினாய். ஓகஸ்டில் முன் வரிசையில் இருந்தாய். மசூர் கண்டிருக்கிறான். அவன் மைக் கட்டுகிறவன், கதை கட்டுகிறவன் இல்லை.

அந்த மனிதன் யார்? அந்த உறைக்குள் என்ன? நம் பிள்ளை போய் ஐந்து வருஷமாகப் போகிறது. இன்னும் உனக்கு அந்த ஊரில் என்ன வேலை?

டிசம்பர் இருபதாம் திகதி எனக்கு லீவு, டிக்கெட் போட்டாகிவிட்டது. பெட்டியை உன் வீட்டில் இறக்குவதா, சுல்பிகா வீட்டில் இறக்குவதா என்பது உன் பதிலில் இருக்கிறது. இந்த முறை ஒரே ஒரு காரணம் எழுது. அது உண்மையாக இருக்கட்டும்.

அபூசாலி

*

சாய்ந்தமருது
23.09.2009

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். பெருநாள் முடியட்டும் என்று காத்திருந்தேன். இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை. வாசித்து முடித்த பிறகும் என் சுகத்தைக் கேட்க உங்களுக்கு மனம் வந்தால் கேளுங்கள்.

உறைக்குள் இருந்தது ஒரு படம். இதோடு அனுப்புகிறேன். முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

வலப் பக்கம், தலையில் வெள்ளைத் துண்டு போட்டு இருப்பவள் நம் நதீரா. 2004 ஒக்டோபரில் கனகேஸ்வரி ரீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் பாடிய அன்று எடுத்தது. எடுத்தவர் ரீச்சரின் அண்ணன் கேதீஸ்வரன், மெயின் றோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார், அறுபது தாண்டியவர். பழைய நெகட்டிவ்களைத் துப்புரவாக்கியபோது போன மாசம்தான் இது கிடைத்ததாம். மசூர் கண்ட ஆம்பிளை அவர்.

ஓம் மச்சான், மகள் பாட்டுப் படித்தாள். ஒன்பது மாசம். பிளவுஸ் கொடுக்கப் போகும்போது கூட வருவாள். ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே பிள்ளைகள் பாடியதை அப்படியே திருப்பிப் பாடினாள். ரீச்சர் பாதியில் எழும்பி வந்து, "இது ஆர்ர பிள்ளை?" என்றா. "என்ட" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எப்படி எழுதுவது? தையல் கூலி வேண்டாம், பிள்ளையை விடு என்றா ரீச்சர். விட்டேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? நமக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாசம். ரேடியோவில் ஒரு பெண் ராகம் இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். நீங்கள் வெளியிலிருந்து வந்தீர்கள். ஒரு சொல்லும் சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கினீர்கள். அன்றைக்கே நான் தெரிந்துகொண்டேன், இந்த மனிதனுக்குப் பாட்டு ஆகாது என்று. அதனால் மகளிடமும் சொன்னேன், "வாப்பாக்குச் சொல்லப்படாது புள்ள."

இப்போது சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் இருபத்தாறு.

வகுப்பு எப்போதும் சனிக்கிழமைதான். அந்தச் சனிக்கிழமை ரீச்சர் திருக்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனதால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாற்றினா. பிள்ளைக்குச் சளி. "தொண்ட கட்டியிரிக்கி, இன்டைக்கு விடு" என்றேன். "வகுப்ப விட்டா வாப்பா ஏசுவாங்க உம்மா" என்றாள். "வாப்பாக்குத்தான் தெரியாதே" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்ன சொல் அது. ஐந்து வருஷமாக அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை.

ரீச்சரின் வீடு கடலுக்கு இரண்டு வளவு தள்ளி. நம் வீடு றோட்டுக்கு மேற்கே, வாசற்படி நனையவில்லை. நான் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தால் அவள் இன்று பதினாறு வயசுப் பெண்.

நீங்கள் டோஹாவிலிருந்து எடுத்து "மகள் எங்க?" என்று கத்தியபோது, "ராத்தா வீட்டுக்குப் போனவ" என்று என் வாய் சொல்லிவிட்டது. ராத்தாவும் கடலோடு போய்விட்டா, இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. பிறகு நீங்கள் லீவில் வந்து அந்த வளவில், உடைந்த அத்திவாரத்தில் நின்று மகளுக்காக யாஸீன் ஓதினீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். இடம் இது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அன்றைக்கு வராதது இன்றைக்குத்தான் வருகிறது.

தண்ணீர் வந்தபோது நதீராவின் கையைப் பிடித்திருந்தவள் யதுசா. மாமரத்துக் கிளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் இவளைப் பிடித்தாளாம். இரண்டாம் அலை வரைக்கும் பிடித்திருந்தாளாம். பதினொரு வயசுப் பிள்ளை, அதற்கு மேல் என்ன செய்யும்? அவள் பாடிப் பழகுவதைக் கேட்கத்தான் வியாழக்கிழமைகளில் போனேன். ரீச்சர் என்னிடம் கேட்டா, "கார்டில் நதீராவின் நினைவாக என்டு போடட்டா?" வேண்டாம் என்றேன், உங்கள் கண்ணில் பட்டுவிடும் என்று. பிள்ளையை மறைத்தது காணாதென்று பிள்ளையின் பெயரையும் மறைத்தேன்.

போகமாட்டேன் என்று எழுதியது அப்போது உண்மை. ஆனால் யதுசாவே வீடு தேடி வந்து, "நீங்க வராட்டி நான் பாடமாட்டன்" என்றாள்.

கச்சேரி நாலரைக்கு. கடைசி வரிசையில் இருந்தேன், ரீச்சர் வந்து முன்னுக்கு இழுத்துக்கொண்டு போனா. முதலில் ஒரு வர்ணம். நம் பிள்ளை அதற்கு வந்து சேரவில்லை, கீதம் வரைக்கும்தான் படித்தாள். பிறகு யதுசா ஒரு ராகத்தை எடுத்தாள். சொல்லே இல்லை, குரல் மட்டும். கீழே இறங்குகிறது, அங்கே நிற்கிறது, போவோமா வேண்டாமா என்று யோசித்து மெல்ல ஏறுகிறது. அவள் விட்ட இடத்தை வயலின் திருப்பிச் சொல்கிறது. எனக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவள் மேலே போய் நின்ற இடத்தில் என் மூச்சும் நின்றது. முழுக் கச்சேரியிலும் அவளுடைய இடது கை மடியில் மூடியே இருந்தது. அந்தக் கையால்தான் நதீராவைப் பிடித்திருந்தாளாம், பாட உட்கார்ந்தால் அது விரிவதில்லையாம்.

மிருதங்கக்காரர் தனியாக வாசித்தபோது சபை முழுதும் தாளம் போட்டது. என் கையும் போட்டது. தட்டு, சின்ன விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, புரட்டு, தட்டு, புரட்டு. நதீரா குசினிப் பலகையில் இருந்து போட்டதைப் பார்த்துப் பழகிய கை. எட்டாவது எண்ணிக்கைக்கு எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் புரண்டன. அங்கே நான் அழுதேன். மசூர் சொன்னது சரி.

ஒரே ஒரு காரணம் கேட்டீர்கள். இதுதான் அது. பெட்டியை எங்கே இறக்குவது என்று இனி நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஸகியா

*

டோஹா
09.10.2009

அன்புள்ள ஸகியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா? முதலில் அதைக் கேட்கிறேன்.

படத்தைப் பார்த்தேன். மகள் கையைப் புரட்டுகிற நேரம் பார்த்து அந்த மனிதர் படம் பிடித்திருக்கிறார். துஆவுக்கு ஏந்திய கை போல இருக்கிறது. அவருக்கு என் ஸலாத்தைச் சொல்லு. அவரைப் பற்றி நான் நினைத்ததற்கு அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

நானும் உனக்கு ஒன்று அனுப்புகிறேன். 2004 நவம்பரில் உன் கடிதம் வந்த அதே உறைக்குள் இருந்தது. உறையை ஒட்டும் வேலையை நீ நதீராவிடம் கொடுத்திருப்பாய். முத்திரை அளவுக்கு மடித்து மடித்து உள்ளே வைத்திருந்தாள். தொலைந்துவிடாமல் இருக்க, அவள் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்.

"வாப்பா, நான் காரைதீவில பாட்டுப் படிக்கிறன். சனிக்கிழமை சனிக்கிழமை வகுப்பு. உங்களுக்குச் சொல்லப்படாது என்டு உம்மா சொன்னாங்க. ஆனா உங்களுக்குச் சொல்லாம எனக்கு இரிக்க ஏலா. உம்மாக்கிட்ட கேட்டுராதீங்க. இது தாளம் போடுற கை. வலக் கையாலதான் போடணும், ஆனா எழுதுறதும் வலக் கைதானே, அதால இடக் கைய வெச்சி வரைஞ்சிரிக்கன்."

கீழே அவள் கை. விரலுக்கு விரல் இலக்கம் போட்டிருக்கிறாள். பக்கத்தில் "இப்ப புரட்டுங்க வாப்பா" என்று எழுதியிருக்கிறாள்.

எனக்குத் தெரியும் என்று எழுதினேனே, அது இதுதான். சுல்பிகா சொன்ன உடனே அது தாளம் என்று எனக்கு விளங்கிவிட்டது. லொறி சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஐந்து வருஷமாக நானும் அதைத்தான் போடுகிறேன். நீயே உன் வாயால் சொல்ல வேண்டும் என்ற வீம்பு எனக்கு. நீ தஸ்பீஹ் என்று எழுதியதும், இதையே மறைக்கிறவள் இன்னும் எதை எதை மறைக்கிறாளோ என்று மனம் பேயாக அலைந்தது. அவளும் நானும் சேர்ந்து உன்னிடம் ஒளித்தது மட்டும் எனக்கு ஒளிப்பாகவே தெரியவில்லை.

ரேடியோ விஷயம். ஸகியா, அன்றைக்கு மழை. கடற்பக்கம் இடி விழுந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின கிழமைதான் பக்கத்து வீட்டு ரீவி இடியில் எரிந்தது. அதனால் பிளக்கைப் பிடுங்கினேன். அந்தப் பெண் பாடியது எனக்குக் காதிலேயே விழவில்லை.

இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நீ எழுதினாய், நானும் எழுத வேண்டும்.

அவளுக்கு நான் பதில் போட்டேன். டிசம்பர் முதல் கிழமை, என்னோடு இங்கே வேலை செய்த பளீல் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்ட பென்சில் பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் அடித்தட்டுக்குக் கீழே ஒரு துண்டு வைத்தேன். உம்மாவிடம் கேட்கமாட்டேன், பயப்படாதே என்று எழுதினேன். வாப்பா வரும்போது பாடிக் காட்ட வேண்டும் என்று எழுதினேன். கடைசி வரியில் இப்படி எழுதினேன்: "ஒரு வகுப்பையும் விடப்படாது மகள். விட்டா வாப்பா ஏசுவன்."

அவள் ஏன் சிரித்தாள் என்று இப்போது உனக்கு விளங்கும்.

நீ போக வேண்டாம் என்றாய். அவளை அனுப்பியவன் நான்.

வகுப்பு சனிக்கிழமை என்று எழுதியிருந்தாள், கடல் வந்தது ஞாயிறு. அதனால் இந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த இரண்டையும் சேர்த்து நான் நினைக்கவில்லை.

டிசம்பர் இருபதாம் திகதி பெட்டியோடு வருகிறேன். சுல்பிகா வீட்டுக்குப் போகமாட்டேன். உன் வாசலில்தான் நிற்பேன். கதவு உன்னுடையது. இதை வாசித்த பிறகு நீ அதைத் திறப்பாயா என்று எனக்குத் தெரியாது, திறக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

திறந்தாயானால், இருபத்தாறாம் திகதி என்னைக் காரைதீவுக்குக் கூட்டிப் போ. இந்த வருஷம் அது சனிக்கிழமை. ஐந்து வருஷமாக நான் வேறு இடத்தில் நின்று யாஸீன் ஓதியிருக்கிறேன்.

அபூசாலி